டொயோட்டா அக்வா ஹைபிரிட்: பெற்றோல் எங்கே போகிறது, எப்படி மிச்சம் பிடிப்பது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இலங்கை வீதிகளில் அதிகம் காணப்படும் ஹைபிரிட் கார்களில் ஒன்று டொயோட்டா அக்வா. 2011 டிசெம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் தலைமுறைக் காரின் மாடல் எண் என்எச்பி10. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்ததால், இன்று இங்கு ஓடும் அக்வாக்களில் பல பத்து வயதை நெருங்கியவை அல்லது தாண்டியவை. கீழே உள்ளவை அந்தக் காரைப் பற்றிய கேள்விகள். பிரியஸும் இதே பொறிமுறையில்தான் ஓடுகிறது என்பதால் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

ஜப்பான் கணக்கில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்கிறார்கள். எனக்கு 18தான் ஓடுகிறது. காரில் பிழையா?

பெரும்பாலும் இல்லை. 35.4 என்பது ஜேசி08 என்ற ஜப்பானியப் பரிசோதனைக் கூட அளவு. உருளைகளின் மேல், ஏசி போடாமல், மெதுவாக ஓட்டி எடுத்தது. இதே கார் அமெரிக்காவில் பிரியஸ் சி என்ற பெயரில் விற்கப்பட்டது. அங்கே அரசு தந்த அளவை நமது கணக்குக்கு மாற்றினால் நகரத்துக்குள் 22.5, நெடுஞ்சாலையில் 19.6, இரண்டும் சேர்த்து 21.3. அந்தச் சோதனையில் ஏசியும் அதிக வேகமும் அடங்கும். ஆகவே 35ஐ மறந்துவிட்டு 21ஐ அளவுகோலாக வையுங்கள்.

கொழும்பு நெரிசலில், ஏசி போட்டு, மூன்று நான்கு கிலோமீற்றர் துண்டு துண்டாக ஓடும் காருக்கு 16, 17 வருவதில் அதிசயம் இல்லை. ஏ9 போன்ற சமதள வீதியில் 60, 70இல் போயும் 20ஐத் தொடவில்லை என்றால்தான் காரணம் தேட வேண்டும்.

டாஷ்போர்டில் காட்டும் கணக்கை நம்பலாமா?

ஒப்பிட்டுப் பார்க்க உதவும். உண்மைக் கணக்குக்கு ராங்கை நிரப்பித்தான் பார்க்க வேண்டும். ஒரே பெற்றோல் செட், முடிந்தால் ஒரே பம்ப். துப்பாக்கி தானாக நின்றதும் நிறுத்துங்கள், மேலும் திணிக்க வேண்டாம். ட்ரிப் மீற்றரைச் சுழியமாக்கி ஓடி, அடுத்த முறை அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுங்கள்.

அக்வாவின் ராங்க் 36 லீற்றர். பத்து லீற்றர் ஊற்றிப் பார்க்கும் கணக்கில், துப்பாக்கி அரை லீற்றர் முன்னே பின்னே நின்றாலே 5 சதவீதம் பிழை வந்துவிடும். எதை மாற்றினாலும் குறைந்தது மூன்று முழு ராங்க் ஓடிய பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். லீற்றருக்கு 20 ஓடும் காருக்கும் 25 ஓடும் காருக்கும் கிழமைக்கு 100 கிலோமீற்றர் வித்தியாசம்.

பற்றரியில் ஓடும்போது பெற்றோல் செலவில்லை. அப்படியானால் முடிந்தவரை பற்றரியில் ஓட்டுவதுதானே நல்லது?

இந்த ஒரு தப்பெண்ணம்தான் அதிகப் பெற்றோலைத் தின்கிறது. அக்வாவைச் சுவரில் செருகிச் சார்ஜ் செய்ய முடியாது. பற்றரியில் உள்ள ஒவ்வொரு துளி மின்சாரமும் உங்கள் ராங்கில் இருந்து வந்ததுதான். நேரடியாக என்ஜின் சார்ஜ் செய்திருக்கும், இல்லாவிட்டால் பெற்றோல் கொடுத்து எடுத்த வேகத்தில் இருந்து பிரேக் திருப்பி எடுத்திருக்கும்.

அளவையும் பாருங்கள். பற்றரி 144 வோல்ற், 6.5 ஆம்பியர் மணி. மொத்தம் ஒரு யூனிற்றுக்கும் குறைவு. அதிலும் கார் தானாகவே ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதத்துக்கு இடைப்பட்ட பகுதியை மட்டுமே பாவிக்கும். மிஞ்சுவது 0.37 யூனிற். இந்த என்ஜின் நன்றாக வேலை செய்யும் வேளையில் அவ்வளவு மின்சாரத்துக்குச் சுமார் 120 மில்லிலீற்றர் பெற்றோல் போதும். அரைத் தம்ளர் அளவு. அதை மிச்சம் பிடிக்கப்போய், காலியான பற்றரியை நெரிசலில் நின்றபடி என்ஜின் நிரப்பும் நிலைக்குக் கொண்டுபோவது நட்டம். என்ஜினில் இருந்து மின்சாரம், மின்சாரத்தில் இருந்து பற்றரி, பற்றரியில் இருந்து மோட்டார் என்று கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும்.

அப்படியானால் பற்றரியில் மட்டும் ஓட வைக்கும் ஈவி பொத்தான் எதற்கு?

கராஜில் இருந்து வெளியே எடுக்க, வாகனத் தரிப்பிடத்தில் இடம் மாற்ற, இரவில் ஒழுங்கைக்குள் சத்தமில்லாமல் நுழைய. பெற்றோல் மிச்சம் பிடிக்க அல்ல.

புறப்படும்போது வேகத்தை மெதுவாக ஏற்றுவதா, விரைவாக ஏற்றுவதா?

நடுத்தரமாக. ஆமைபோல ஊர்ந்து ஏற்றினால் கார் பற்றரியில் இழுபட்டு, பிறகு அந்தக் கடனை என்ஜின் அடைக்கும். இது வலுவைவிடச் சிக்கனத்துக்கு முதலிடம் தரும் 1.5 லீற்றர் அற்கின்சன் முறை என்ஜின். நடுத்தரச் சுமையில் ஓடும்போதுதான் ஒரு துளி பெற்றோலில் இருந்து அதிக வேலை எடுக்கும். மிகக் குறைந்த சுமையில் அது வீணே சுழல்கிறது.

டாஷ்போர்டில் உள்ள ஹைபிரிட் காட்டியில் இடப்பக்கம் சார்ஜ், நடுவே எக்கோ, வலப்பக்கம் பவர். என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு எக்கோவின் மேல் பாதியில் பிடித்து, பவரைத் தொடாமல், பத்துப் பன்னிரண்டு செக்கனில் 50க்கு வந்துவிடுங்கள். வந்ததும் காலைத் தளர்த்துங்கள். எக்கோ மோட் பொத்தான் அக்சிலரேற்றர் மிதியின் கூச்சத்தைக் குறைத்து ஏசியையும் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். கால் பழகியவருக்கு அது தேவையில்லை. பழகும்வரை போட்டு வைத்திருங்கள்.

ஏற்றிவிட்டு மிதக்க விடுவது என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

ஹைபிரிட் ஓட்டுநர் கற்க வேண்டிய மிகச் சிறந்த வித்தை இது. சக்திப் பாய்ச்சலைக் காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சமதளத்தில், மேலே சொன்னபடி 60க்கு ஏற்றுங்கள். காலை முழுதாக எடுங்கள். என்ஜின் நிற்கும். சக்கரத்தில் இருந்து பற்றரிக்கு ஓர் அம்புக்குறி ஓடும். அதாவது கார் தன் வேகத்தைக் கொடுத்துச் சார்ஜ் செய்கிறது. இப்போது மிதியின் மேல் கால் விரலை வைத்து மயிரிழை அளவு அழுத்துங்கள். அந்த அம்புக்குறி மறையும். இன்னும் சற்று அழுத்தினால் பற்றரியில் இருந்து சக்கரத்துக்கு எதிர்த்திசையில் ஓர் அம்புக்குறி வரும். இரண்டும் இல்லாத அந்த மெல்லிய இடத்தில் பிடித்து வைக்க வேண்டும். என்ஜினும் இல்லை, மோட்டாரும் இல்லை, கார் மிதக்கும். 45க்கு இறங்கியதும் மறுபடி 60.

என்ஜின் ஓடும் நேரத்தில் நல்ல சுமையில் ஓடுகிறது, ஓடாத நேரத்தில் முழுதாக நிற்கிறது, இடையில் பற்றரிக்குக் கைமாறும் நட்டம் இல்லை. இதனால்தான் பலன் தருகிறது. காலுக்குப் பிடிபட ஒரு வாரமாவது ஆகும். பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வரும்போது செய்ய வேண்டாம். ஒரே வீதியில் 45இலும் 60இலும் மாறி மாறிப் போகும் காரைப் பின்னால் வருபவர் முந்தப் பார்ப்பார், அதில் விபத்து வரும். ஆளரவம் குறைந்த வீதிக்கு உரியது இது.

பிரேக் பிடித்தால் சக்தி திரும்பி வருகிறதுதானே? பிறகு ஏன் முன்கூட்டியே காலை எடுக்கச் சொல்கிறீர்கள்?

ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 60இல் போகும்போது அதன் ஓட்டத்தில் இருக்கும் சக்தி, சுமார் 15 மில்லிலீற்றர் பெற்றோலில் என்ஜின் தந்தது. பிரேக்கில் அதில் பாதிக்குக் கிட்டத் திரும்பி வந்தாலே நல்லது. தூரத்தில் சிக்னல் சிவப்பாக மாறுவதைக் கண்டு 200 மீற்றர் முன்பே காலை எடுத்தால் அந்தச் சக்தி முழுதும் காரை நகர்த்துவதில் செலவாகும்.

பிடித்தே ஆக வேண்டும் என்றால் நேரத்தோடு தொடங்கி மென்மையாக நீளமாகப் பிடியுங்கள். காட்டி சார்ஜ் பகுதியின் முடிவை முட்டிவிட்டால் அதற்கு மேல் உள்ளது பிரேக் பாட்களில் சூடாகப் போகிறது. வேகம் ஏறத்தாழ 10க்குக் கீழே வந்ததும் எப்படியும் சாதாரண பிரேக்தான் வேலை செய்யும்.

சிக்னலில் நியூட்றலில் போடலாமா? எப்போதும் பி-யில் ஓட்டினால் கூடச் சார்ஜ் ஆகும் என்கிறார்களே?

இரண்டும் வேண்டாம். நியூட்றலில் என்ஜின் ஓடினாலும் பற்றரி சார்ஜ் ஆகாது, நெரிசலில் பற்றரி வடிந்துவிடும். பி என்பது பற்றரியைக் குறிப்பதல்ல, என்ஜின் பிரேக். சமதளத்தில் போட்டால் என்ஜினைச் சுழற்றியே உங்கள் வேகத்தை வீணாக்கும். அது மலை இறக்கத்துக்கு உரியது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

காலையில் பற்றரி நிறைந்திருந்தாலும் என்ஜின் ஓடுகிறதே?

புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிற்றிக் கொன்வேற்றரைச் சூடாக்குவதற்காக ஓடுகிறது. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடக் குறைய நீடிக்கும். அந்த நேரத்தில் என்ஜின் பெரிதாக இழுக்காது, காரைப் பெரும்பாலும் மோட்டாரே நகர்த்தும். ஆகவே ஸ்டார்ட் செய்துவிட்டு நின்று சூடாக்க வேண்டாம். உடனே புறப்பட்டு முதல் சில நூறு மீற்றரை மட்டும் மென்மையாக ஓட்டுங்கள்.

குளிர்நீர் ஏறத்தாழ 70 பாகையைத் தொடும்வரை என்ஜின் தாராளமாக நின்று நின்று ஓடாது. இதனால்தான் குறுந்தூரப் பயணம் இவ்வளவு குடிக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, சந்தை, வங்கி எல்லாவற்றையும் ஒரே சுற்றில், தூரமான இடத்துக்கு முதலில் போய் முடித்துக்கொண்டு வந்தால், சூடேற்றும் செலவு ஒருமுறைதான்.

ஏசி எவ்வளவு தின்னும்?

அக்வாவின் ஏசிக் கம்பிரசரை மின்சாரமே ஓட்டுகிறது, பெல்ற் இல்லை. ஓடும் வீதியில் பெரிதாகத் தெரியாது. நின்று நின்று போகும் நெரிசலில்தான் தெரியும்: கார் நகராதபோதும் ஏசி பற்றரியை இறக்கும், சில நிமிடத்துக்கு ஒருமுறை என்ஜின் எழுந்து நிரப்பும். வெயிலில் நின்ற காரின் கண்ணாடிகளை ஒரு நிமிடம் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டுப் பிறகு போடுங்கள். உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். 18இல் வைத்துப் போர்த்திக்கொண்டு போவதைவிட 25, 26 போதும்.

ஏசியை அடியோடு நிறுத்தி வேர்த்து ஒழுக ஓட்டுவதையும் நாங்கள் சொல்ல மாட்டோம். பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் உள்ள காற்றுத்தான். நீங்கள் வெந்தால் பற்றரியும் வேகும்.

பற்றரி விசிறியைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறார்கள்?

இந்த ஊர்ப் புழுதியில் அதிகம் பலன் தரும் பராமரிப்பு அதுதான், அதிகம் மறக்கப்படுவதும் அதுதான். பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. இருக்கையின் அடிப்பகுதியில் பக்கவாட்டில் வரித்துவாரம் உள்ள பிளாஸ்ரிக் மூடி ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் விசிறி காற்றை இழுக்கிறது. அங்கே பையை வைத்து அடைப்பார்கள், பிள்ளைகள் மாச்சில்லுத் தூளைக் கொட்டுவார்கள். நாள்பட்ட காரில் விசிறியைக் கழற்றினால் இதழ்களுக்கு இடையில் மயிரும் புழுதியும் சேர்ந்து கம்பளித் துணிபோலப் படிந்திருக்கும்.

காற்றுக் குறைந்தால் பற்றரி சூடேறும். சூடேறினால் கணினி அதற்குள் போய்வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக்கில் வர வேண்டிய சக்தி வராது, என்ஜின் கூடுதலாக ஓடும், ஓட்டம் குறையும். அப்படியே விட்டால் செல் ஒன்று முந்திக்கொண்டு சாகும். துவாரத்தை மாதம் ஒருமுறை வக்யூமால் உறிஞ்சுங்கள், வலைப் பில்டர் இருந்தால் கழுவி நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். விசிறியை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் தூரிகையால் துடைப்பது நல்லது. அதை ஹைபிரிட் தெரிந்தவரிடம் கொடுங்கள். உயர் மின்னழுத்தம் பாயும் செம்மஞ்சள் நிற வயர் எதையும் நீங்கள் தொட வேண்டாம். அந்த மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் பத்து நிமிடம் காத்திருந்து, மின்காப்புக் கையுறையோடு தொட வேண்டியவை அவை.

செல் ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

சில மாதத்துக்குப் போதும். பற்றரியில் 20 மொடியூல்கள் (பேச்சு வழக்கில் செல்) தொடராக இணைந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற். பலவீனமான ஒன்று மொத்தத்தையும் இழுத்துப் பிடிக்கும். அதை மாற்றினால் அடுத்த பலவீனமானது வெளியே தெரியும். பி0ஏ80 என்ற பிழைக்குறி வந்து, பரிசோதனையில் பல மொடியூல்கள் இறங்கியிருந்தால் முழுப் பற்றரி மாற்றுவதே கணக்குக்குச் சரி.

ரயரில் எவ்வளவு காற்று? எந்த ரயர்?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பான் காரில் அது கிலோபாஸ்கலில் எழுதியிருக்கும். 6.9ஆல் வகுத்தால் பிஎஸ்ஐ. 230 என்றால் 33. அதற்குக் குறையவே கூடாது. 2, 3 பிஎஸ்ஐ கூட்டி வைத்தால் ஓட்டம் சற்றுக் கூடும், சவாரி சற்றுக் கடினமாகும். ரயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே வேண்டாம், மழையில் பிடிப்புப் போய்விடும். ரயர் ஆறியிருக்கும்போது அளவுங்கள். ஓடிச் சூடான ரயர் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்து இறக்குவது பெரிய பிழை.

புது ரயர் வாங்கும்போது ஜப்பான் லேபலைப் பாருங்கள். உருளும் தடைக்கு ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று தரம் இருக்கும், ஈர வீதிப் பிடிப்புக்குத் தனித் தரம் இருக்கும். முதலாவதில் ஏ அல்லது அதற்கு மேல் எடுங்கள், ஈரப் பிடிப்பை விட்டுக்கொடுக்காமல். அழகுக்காக 195/50ஆர்16 போட்டவர்கள் ஓட்டம் குறைந்ததைக் காரின் தலையில் சுமத்துகிறார்கள். 175/65ஆர்15 போதும்.

என்ஜின் ஒயில் தடிப்பாகப் போட்டால் பழைய என்ஜினுக்கு நல்லது என்கிறார்களே?

மெல்லிய 0டபிள்யூ-20 ஒயில்தான் இந்த என்ஜினுக்கு உரியது. பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர். நான்கு லீற்றர் கானை முழுதாகக் கவிழ்க்கும் வழக்கம் கெட்டது. அளவுக்கு மேல் உள்ள ஒயில் வீணே அலசப்பட்டுத் தடை கூட்டும். ஹைபிரிட் என்ஜின் ஒரு பயணத்தில் பலமுறை நின்று எழுகிறது. தடித்த ஒயில் ஒவ்வொரு எழுச்சியிலும் காசு கேட்கும். கூடவே என்ஜினுக்குள் காற்றை விடும் த்ரொட்டில் பொடி, புகையில் ஒரு பங்கைத் திருப்பி விடும் இஜிஆர் குழாய் இரண்டையும் கரி நீக்கச் சொல்லுங்கள்.

எந்தெந்த மாற்றங்கள் உண்மையில் பலன் தரும்?

காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் முதல் மாற்றம். அக்வாவுக்குத் தரை இடைவெளி 140 மில்லிமீற்றர்தான். வேகத்தடைகளில் உரசி அடிப்பக்கப் பிளாஸ்ரிக் தகடுகள் உடைந்துவிடும், கராஜில் கழற்றி எறிந்துவிடுவார்கள். காற்று வழுக்கிப் போகத்தான் அவை அங்கே இருந்தன. திரும்பப் போடுங்கள். மேலே வெறுமையாக நிற்கும் பொதிச்சட்டத்தைக் கழற்றுங்கள். 80இல் இருந்து 100க்குப் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். நெடுஞ்சாலையில் இது எல்லா வித்தைகளையும் விழுங்கிவிடும், அங்கே 80தான் சரியான வேகம்.

பழுது பார்க்கும் கணினியை இணைக்கும் ஓபிடி துறையில் செருகும் சிறிய புளூரூத் கருவி நல்ல முதலீடு. குளிர்நீர்ச் சூடு, பற்றரிச் சூடு, சார்ஜ் சதவீதம் எல்லாம் கைபேசியில் தெரியும்.

முன் கிரில்லை அடைப்பது, என்ஜினுக்கு ஹீற்றர் போடுவது ஆகியவை பனி பெய்யும் நாட்டுக்கு உரியவை. 32 பாகை வெயிலில் கிரில்லை அடைத்தால், பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வேட்டர் சூடேறும். நீரை மின்சாரத்தால் பிரித்து அந்த வாயுவை என்ஜினுக்கு விடும் கருவி, பெற்றோல் குழாய்க் காந்தம், ராங்கில் போடும் வில்லை எதையும் வாங்க வேண்டாம். அந்த வாயுக் கருவிக்கு வேண்டிய மின்சாரமும் உங்கள் பெற்றோலில் இருந்தே வர வேண்டும், திரும்பி வருவது அதைவிடக் குறைவு.

95 பெற்றோல் அடித்தால் கூட ஓடுமா?

ஓடாது. இது ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்கு வடிவமைத்த என்ஜின், 92 போதும்.

நுவரெலியா இறக்கத்தில் பற்றரி நிறைந்து என்ஜின் உறுமுகிறது. பெற்றோல் போகிறதா?

போகவில்லை. மேலே கண்ட 0.37 யூனிற், நட்டமே இல்லாமல் எல்லாம் பற்றரிக்குப் போனால், 110 மீற்றர் உயரம் இறங்கவே நிரம்பிவிடும். நுவரெலியா இருப்பதோ 1,800 மீற்றருக்கு மேல். நிறைந்த பிறகு எஞ்சிய சக்தியைச் செலவழிக்க, பெற்றோல் விடாமலே என்ஜினைச் சுழற்றுகிறது கார். அந்தச் சத்தம்தான் கேட்கிறது. இறக்கம் தொடங்கியதுமே பி-யில் போட்டுவிடுங்கள், பிரேக் பாட் காப்பாற்றப்படும். ஏறும்போது சம சுமையில் பொறுமையாக ஏறுங்கள். உச்சியை நெருங்கும்போது பற்றரி குறைந்திருந்தால் கவலை வேண்டாம், இறக்கம் இலவசமாக நிரப்பும்.

22 ஓடிய கார் திடீரென 15க்கு வந்துவிட்டது. எதில் தொடங்குவது?

செலவில்லாததில் தொடங்குங்கள். ரயர்க் காற்று. பிறகு அரை மணி ஓடிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். முன் சக்கரம் ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பாட்களை அழுத்தும் பிரேக் கலிப்பர் இறுகியிருக்கிறது, வழுக்கு ஊசிகளைக் கழற்றிக் கிறீஸ் வைத்தால் தீரும். அடுத்தது ஓபிடி கருவியில் குளிர்நீர்: நெடுந்தூரம் ஓடியும் 70ஐத் தாண்டத் தயங்கினால் குளிர்நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற் திறந்தபடி சிக்கியிருக்கிறது. மலிவான பாகம், பெரிய குடிகாரன். பிறகு பற்றரி விசிறி, பிறகு பற்றரிப் பரிசோதனை. அண்மையில் ரயர் மாற்றியோ வீதிக் குழியில் இடித்தோ இருந்தால் சக்கர நேர்ப்பாட்டை (அலைன்மென்ற்) எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். முன் ரயர்களின் உள் அல்லது வெளி விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அதுவே காரணம்.